ஷெப்பர்டும் மூன்று நிறக் கேக்கும்

(இந்த முறை மாஸ் எஃபெக்ட் பற்றி வந்த கேள்விகள் மட்டும். கதையின் முடிவு வரைக்கும் பேசியிருக்கிறேன். ஆடி முடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம்.)

கே: அப்படி என்னதான் இருக்கிறது இந்த மாஸ் எஃபெக்டில்? என் மகன் மூன்று வாரமாகச் சாப்பிட மட்டும்தான் அறையை விட்டு வருகிறான்.

கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் செய்த விண்வெளிக் கதை வீடியோ கேம். 2007, 2010, 2012 என்று மூன்று பாகம். ஐம்பதாயிரம் வருடத்துக்கு ஒருமுறை ரீப்பர் என்கிற ராட்சத இயந்திரங்கள் வந்து, வளர்ந்த இனங்களையெல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும். அதைத் தடுக்க வேண்டிய தளபதி ஷெப்பர்ட் நீங்கள்தான். பாதி நேரம் சுட வேண்டும், மீதி நேரம் பேச வேண்டும். பேசும்போது நீங்கள் எடுக்கிற முடிவுகள் சேவ் ஃபைலில் ஏறி அடுத்த பாகத்துக்கும் கூடவே வரும். முதல் பாகத்தில் சாகவிட்ட ஆள் மூன்றாம் பாகத்திலும் செத்தவர்தான்.

மூன்று வாரம் ஒன்றும் அதிகமில்லை. பழைய பதிப்பு என்றால் முதல் பாகத்து லிஃப்டில் நின்றதே பாதிப் பொழுது இருக்கும்.

கே: முடிவு நிஜமாகவே நம் கையில் இருக்கிறதா, அல்லது பேருக்குத்தானா?

இரண்டும். ரக்னி என்கிற பூச்சியினத்தின் கடைசி அரசி முதல் பாகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் கிடக்கிறாள். விடுவிக்கலாம், அமிலத்தில் கரைக்கலாம். ஓர் இனத்தின் தலையெழுத்தே நம் விரல்நுனியில் என்று வியர்த்து விறுவிறுத்து முடிவெடுக்கிறோம். கொன்றுவிட்டீர்களா? கவலை வேண்டாம், மூன்றாம் பாகத்தில் ரீப்பர்களே செயற்கையாக ஓர் அரசியைத் தயாரித்து வைத்திருப்பார்கள். பல இனங்களும் சேர்ந்த ஆட்சிச் சபையின் மனித உறுப்பினராக ஆண்டர்சன் என்பவரை நீங்கள் நியமித்திருந்தாலும், மூன்றாம் பாகத்தில் அந்த நாற்காலியில் நீங்கள் ஒதுக்கிய உடீனாதான் உட்கார்ந்திருப்பார். தேர்தல் பார்த்துப் பழகியவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது.

ஆனால் விர்மையர் கிரகத்தில் அந்தத் தந்திரம் இல்லை. உங்கள் அணியின் கெய்டன், ஆஷ்லி இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள்; ஒருவரைத்தான் மீட்க முடியும். எது நல்லது என்று சொல்ல அங்கே நல்ல வழிக்கான நீல எழுத்தும் இல்லை, முரட்டு வழிக்கான சிவப்பும் இல்லை. கதை அதனால் பெரிதாகத் திசை மாறிவிடுவதில்லை. இருந்தும் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது விர்மையரைத்தான்.

கே: நான் எப்போதும் நல்ல ஷெப்பர்டாகத்தான் ஆடுகிறேன். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். இது குற்றமா?

குற்றமில்லை, கூட்டம். பயோவேரில் முன்பு வேலை பார்த்த ஒருவர் 2020இல் சொன்ன கணக்குப்படி, ஆடியவர்களில் ஏறக்குறைய 92 சதவீதம் பேர் பாரகன் வழியில், அதாவது நல்லவர்களாகத்தான் ஆடியிருக்கிறார்கள். முரட்டு வழியான ரெனகேடுக்காகப் பாடுபட்டு எழுதிய வசனங்களைக் கேட்க ஆளே இல்லை.

மனித குலத்தின் மேல் நம்பிக்கை வந்துவிட்டதென்று துள்ள வேண்டாம். நல்லவராக இருந்து புள்ளி சேர்த்தால் நீல எழுத்தில் ஒரு வசனம் திறக்கும். அதை அழுத்தினால் போதும், துப்பாக்கியைத் தூக்கியவன் கீழே போடுவான், அடித்துக்கொண்ட இருவரும் சமாதானமாவார்கள். செலவே இல்லாத நல்ல குணம். நமக்கு வேண்டியது தேர்வு இல்லை, நாம் செய்தது சரி என்ற சான்றிதழ் என்பது என் சந்தேகம்.

கே: அப்படியென்றால் செலவு வைக்கிற இடமே இல்லையா?

இருக்கிறது, க்ரோகன்களின் கிரகமான துச்சான்கா. க்ரோகன் இனம் பெருகாமல் இருக்க சலேரியன் இனத்தவர் உருவாக்கிய நோய் ஜெனோஃபேஜ். பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் உயிரோடு தங்கும். மூன்றாம் பாகத்தில் மருந்து தயார். அதை ரகசியமாகக் கெடுத்துவிட்டால் சலேரியன்கள் படை தருவதாகச் சொல்கிறார்கள்.

க்ரோகன்களுக்குத் தலைவன் உங்கள் பழைய தோழன் ரெக்ஸ் என்றால் இது பச்சைத் துரோகம். ஆனால் முதல் பாகத்திலேயே ரெக்ஸ் செத்திருந்தால், தலைமையில் இருப்பது பழிவாங்கத் துடிக்கும் ரீவ். அப்போது மருந்தைக் கெடுப்பது ராஜதந்திரம் போலத் தெரிய ஆரம்பிக்கும். அதே கேள்வி, ஐந்து வருடம் முன்பு செய்த காரியத்தால் விடை மாறுகிறது. அதைவிடக் கொடுமை, எல்லோருக்கும் செல்லமான விஞ்ஞானி மார்டின் மருந்தைப் பரப்பப் போய் உயிரை விடுகிறார். அவர் பிழைக்க ஒரே வழிதான்: ரெக்ஸ் செத்திருக்க வேண்டும், இரண்டாம் பாகத்தில் மேலன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக் குறிப்புகளை நீங்கள் அழித்திருக்க வேண்டும், அதனால் ஈவ் என்ற க்ரோகன் பெண் சாக வேண்டும், பிறகு மருந்து வேண்டாமென்று மார்டினை நீங்கள் சம்மதிக்க வைக்க வேண்டும். நல்லவர்களுக்கு இந்த வழி கடைசிவரை கண்ணில் படாது. எழுதியவர் யாராக இருந்தாலும் மோதிரம் போடலாம்.

கே: பெண் ஷெப்பர்ட், ஆண் ஷெப்பர்ட். தீர்ப்பு?

பெண் ஷெப்பர்டுக்குக் குரல் கொடுத்த ஜெனிஃபர் ஹேல். 2011இல் பெண் ஷெப்பர்டாக ஆடியவர்கள் 18 சதவீதம் என்றது நிறுவனம். 2021இல் மெருகேற்றி வந்த லெஜெண்டரி பதிப்பில் 32. நியாயம் மெதுவாக நடக்கிறது, முதல் பாகத்து லிஃப்டைவிடக் கொஞ்சம் வேகமாக.

கே: பெண் நிருபரை அடித்துவிட்டேன். மனசு உறுத்துகிறது.

மூன்றாம் பாகத்தில் குனிந்து தப்பிக்கப் பழகியிருப்பார்.

கே: 2012இல் முடிவை எதிர்த்து அத்தனை ரகளை ஏன்?

வெளியாவதற்கு முன், ஏ, பி, சி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முடிவாக இருக்காது என்று சொல்லியிருந்தார் இயக்குநர் கேஸி ஹட்சன். வந்தது அழிப்பு, கட்டுப்பாடு, கலப்பு என்று மூன்று வழி. சிவப்பு, நீலம், பச்சை வெளிச்சம். கிட்டத்தட்ட ஒரே காட்சி. ஒருவர் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கே புகார் எழுதினார். ஒரு கூட்டம் மருத்துவமனைக் குழந்தைகளுக்கான அறக்கொடைக்கு எண்பதாயிரம் டாலர் வசூலித்து எதிர்ப்பைக் காட்டியது. இன்னொரு கூட்டம் மூன்று நிறத்தில் நானூறு சொச்சம் கப்கேக்குகளை எட்மன்டனுக்கு அனுப்பியது. எந்த நிறத்தைக் கடித்தாலும் வெனிலாதான். விமர்சனம் என்றால் அது. நிறுவனம் அவற்றை இளைஞர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது.

என் கோபம் நிறத்தின் மேல் இல்லை. ரன்னோக் கிரகத்தில் கெத் இயந்திரங்களையும் உயிரினமான குவேரியன்களையும் தலையால் தண்ணீர் குடித்துச் சமாதானம் செய்து வைக்கிறோம். கடைசிப் பத்து நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒன்று குழந்தை உருவத்தில் வந்து, உயிர்களும் இயந்திரங்களும் ஒருநாளும் ஒத்துப்போகாது என்கிறது. ‘அங்கே போய்ப் பார்’ என்று ஒரு வார்த்தை சொல்ல ஷெப்பர்டுக்கு வாய்ப்பே தரவில்லை. மூன்று பாகமாகப் பேசியே உலகத்தை வளைத்தவருக்கு அந்த இடத்தில் வாயடைத்துப் போனது.

கே: முடிவே ஷெப்பர்டின் மனப்பிரமை என்கிறார்களே?

ரீப்பர்கள் அவர் மூளையைக் குழப்பிவிட்டதாக ரசிகர்கள் கட்டிய வாதம். சாட்சியங்களை அடுக்கியிருக்கும் உழைப்பைப் பார்த்தால், முடிவை இவர்களிடமே எழுதக் கொடுத்திருக்கலாம்.

கே: மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா வாங்கலாமா?

2017இல் வந்தது. அதில் ஒரு பாத்திரமே தன் முகம் களைத்துவிட்டதாகச் சொல்கிறது. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

கே: மூன்றாம் பாக முடிவில் வருகிற அந்தக் குழந்தையைச் சுட முடியாதா?

முதலில் சுட்டுப் பார்த்தவர்களுக்குக் குண்டுதான் நஷ்டம். ரகளைக்குப் பிறகு 2012 ஜூனில் இலவசமாக வந்த நீட்டிக்கப்பட்ட முடிவில் வசதி செய்து கொடுத்தார்கள். இப்போது சுட்டால், மூன்றையும் நீங்கள் மறுத்ததாகப் பொருள். ரீப்பர்கள் ஜெயிப்பார்கள், எல்லோரும் சாவார்கள், விட்டுச்சென்ற குறிப்பைப் படித்து அடுத்த சுற்றில் வருகிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். சுட்டுவிட்டுத் திருப்தியாகத் தூங்கியவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.