புடுங்கின பல்லும் பொறுக்காத நாக்கும்

வா மாப்ளே, உக்காரு. பேசாதே, தலையை மட்டும் ஆட்டு. நேத்து சாயங்காலம் மைசூர்ல கீழ்க் கடவாய்ப் பல்லைப் புடுங்கிட்டு வந்தியாமே. ரயில் ஏறினதுலருந்து நாக்கை விட்டு அந்தக் குழியைத் துழாவிக்கிட்டே வந்தியாம். நஞ்சன்கூடு வர்றதுக்குள்ள எதிர்சீட்டுக்காரர் எந்திரிச்சு வேற பெட்டிக்கே போயிட்டாராம்.

உன் வெசனம் எனக்குத் தெரியும். தாடையில ஓட்டை விழுந்துருச்சு, எலும்பு மறுபடி வளருமா? வளரும்டா. நம்ம சாமராஜநகரைச் சுத்தி கருங்கல் குவாரி கிடக்குதே, கல்லை வெட்டி வெளிநாட்டுக்கு ஏத்திட்டு குழியை அப்படியே விட்டுட்டுப் போயிடறான். ஒடம்பு அந்தக் குவாரிக்காரன் இல்லை. தோண்டின அன்னைக்கே தூர்க்க ஆரம்பிச்சிரும்.

முதல்ல குழி நெறைய ரத்தம் உறைஞ்சு கட்டி பிடிக்கும். எல்லாத்துக்கும் அதுதான் அஸ்திவாரம். ஒரு வாரத்துல கட்டி இருந்த எடத்துல புதுச்சதை, பொடிப்பொடி ரத்தக்குழாயோட. ரெண்டு வாரம் ஆனா அடியிலயும் ஓரத்துலயும் இளசா எலும்பு பிடிக்கும். எகிறு மூணு நாலு வாரத்துல மூடிக்கும். மேல மூடிருச்சேன்னு உள்ள வேலை முடிஞ்சதா நெனைக்காதே. ரெண்டு மாசம் ஆனாத்தான் குழியில இளம் எலும்பு நெறையும்; அது கெட்டியாக நாலு மாசமோ ஆறு மாசமோ, சில பேருக்கு அதுக்கும் மேல ஆகும். ஆனாலும் நம்ம ஊர் ரோட்டு வேலையை விட வேகம்தான்.

என்ன முழிக்கறே? நாலாம் கிளாஸோட நின்னவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? 1986-ல மைசூர்ல ஜே.எஸ்.எஸ். பல் காலேஜு வந்துச்சு. அங்கே வாயைத் திறந்து உக்காந்தா காதும் திறந்துதான் கிடக்கும். வாத்தியார் பசங்களுக்குப் பாடம் எடுத்ததெல்லாம் என் வாயைக் காட்டித்தான்.

அந்த ரத்தக்கட்டி கழண்டு போச்சுன்னு வையி, குழிக்குள்ள எலும்பு வெறிச்சுன்னு நிக்கும். மூணாம் நாள், நாலாம் நாள் வலி காது வரைக்கும் இழுக்கும். டிரை சாக்கெட்டும்பாங்க. கீழ்க் கடவாயிலதான் அதிகம், பீடிக்காரனுக்கு இன்னும் அதிகம். இழுக்கற இழுப்புல கட்டி பேந்துக்கும். புகை வேற ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். இருபத்திநாலு மணி நேரம் கொப்புளிக்காதே, காறித் துப்பாதே. எளநி குடிச்சாலும் ஸ்ட்ரா கேக்காதே. அதுக்கப்பறம் வெதுவெதுன்னு உப்புத்தண்ணியை வாயில வெச்சு, தானா வழிய விடு. நாக்கைக் கட்டிப் போடு. உன் நாக்கு அடங்கி ஊர்ல யாரும் பாத்ததில்லை, இந்த ஒரு வாரமாச்சும் பாக்கட்டும்.

உங்கம்மா, என் கூடப்பொறந்த மகராசி, நஞ்சன்கூடு பல்பொடியைக் குழியில அப்புன்னு சொல்லுவா. பி.வி. பண்டித் 1913-ல ஆரம்பிச்ச சத்வைத்தியசாலைப் பொடி, நல்ல பொடிதான். இருக்கற பல்லுக்குத்தானே பொடி? இல்லாத பல்லைத் தேய்ச்சு என்ன பண்ணப் போறே? நஞ்சன்கூடு சரக்குதான் வேணும்னா ரசபாளைப் பழத்தை மசிச்சுத் தின்னு. ஆமா, உங்கம்மா எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடறாளே. அவ பல்லைப் புடுங்கற நாள் வந்தா டாக்டர்கிட்ட அதை முதல்லயே சொல்லச் சொல்லு. அந்த மருந்து எடுக்கறவங்களுக்குத் தாடைப் புண்ணு ஆறாம அடம் பிடிக்கறது உண்டு.

மேல்பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்னு எவனாச்சும் வந்து பயமுறுத்துவான். நம்பிக்கைக்குப் பேர் போன ஊராச்சே இது! சாமராஜநகர்ல கால் வெச்ச முதல்மந்திரிக்கு நாற்காலி போயிடும்னு எட்டிப் பாக்காமலே இருந்தவங்க எத்தனை பேரு. சித்தராமையா பல தடவை வந்துட்டுப் போயி, 2013-லருந்து 2018 வரைக்கும் அஞ்சு வருசம் முழுசா உக்காந்தாரு. பல்லுக்கும் பார்வைக்கும் உள்ள சம்பந்தமும் அவ்வளவுதான்.

இப்ப காதைக் கொடு. குழி தூரும், ஆனா தாடையோட பழைய அகலம் வராது. பல்லைத் தாங்கின எலும்புக்குப் பல்லு இருந்தாத்தான் சோலி. சோலியில்லாதவனை உக்கார வெச்சுச் சோறு போட ஒடம்புக்கு என்ன, உங்கம்மா மனசா? கரைச்சிரும். கன்னத்துப் பக்கச் சுவர் மெலிசு, அதுதான் அதிகமாக் கரையும். ஒரு வருசத்துல அகலம் பாதி வரைக்கும் போகலாம். அதுலயும் மூணுல ரெண்டு பங்கு முதல் மூணு மாசத்துலயே. எல்லாப் பல்லும் போனவன் கதையைக் கேக்கவே வேண்டாம். டால்கிரென்னு ஒரு அம்மா பல்செட்டுக்காரங்க தாடையை இருபத்தஞ்சு வருசம் அளந்து, கீழ்த்தாடை மேல்தாடையை விட நாலு மடங்கு கரையுதுன்னு 1972-ல எழுதி வெச்சாங்க. அதான் என் மேல் செட்டு வாயில இருக்கு, கீழ் செட்டு சட்டைப் பையில குடியிருக்கு.

டைட்டானியம் ஆணி அடிச்சுப் பல் கட்டறாங்களே, அதுக்கும் எலும்பு அகலம் வேணும். பிரானெமார்க்னு ஸ்வீடன்காரர், முயல் காலெலும்புல வெச்ச டைட்டானியத்தை எலும்பு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டதைப் பாத்துட்டு, 1965-ல மனுசன் தாடையில வெச்சாரு. எலும்பு கரைஞ்ச பொறவு போனா எலும்புத்தூள் வெச்சு மேடாக்கணும். அதுக்குத் தனிக் காசு, தனிக் காத்திருப்பு. கல்யாணத்தைத்தான் வருசக்கணக்காத் தள்றே, இதையாவது தள்ளாதே. மூணாம் மாசம் போயி எலும்பு எப்படி இருக்குன்னு படம் எடுத்துப் பாத்துட்டு வா.

அதென்ன மடியில? மைசூர் வெத்தலை, புகையிலை வேறயா? இப்படிக் கொண்டா. உனக்குத்தான் குழி ஆறணும், எனக்கு ஆற வேண்டியது ஒண்ணும் பாக்கியில்லை. உங்கத்தை இடிக்கற உரலைக் கழுவி வெச்சுக்கிட்டு அப்பப் புடிச்சுக் காத்துக்கிட்டிருக்கா.