ஆட்டுக்கல்லுல மணிபிளான்ட்

வா அப்பு, இங்கிட்டு உக்காரு. ஐயாவப் பாக்கத்தான் வந்தேன்னு மட்டும் சொல்லிறாத. வண்டி மேல கயறு போட்டுக் கட்டியிருக்கிறதப் பாத்தாலே தெரியுது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் வாங்கப் போயிட்டு வாறன்னு. என்னது, ஆட்டுக்கல்லா? குழவி எங்க? ஓ, குழவி இல்லையா. சரிதான், மணிபிளான்ட் வைக்கிறதுக்குக் குழவி எதுக்கு.

உங்க அப்பத்தா இருந்திருந்தா சிரிச்சே போய்ச் சேந்திருப்பா. அவ தோள்பட்டையத் தின்ன கல்லு அப்பு அது. கிரைண்டர் வந்த அன்னைக்கே ரெண்டு ஆளப் பிடிச்சு, கூலி கொடுத்துக் கொல்லையில உருட்டிவிட்டா. அவ காசு கொடுத்துத் தள்ளுனத நீ காசு கொடுத்துத் தூக்குற. குத்தம் சொல்லல. ஆட்டுக்கல்லுக்கும் லிப்டுல ஏறி பன்னெண்டாவது மாடிக்குப் போற யோகம் இருக்கு.

நான் இருவது வருசம் வீடு பிரிக்கிற மேஸ்திரியாத் திரிஞ்சவன். இந்தச் சாமான் எங்கேருந்து வருதுன்னு கடைக்காரன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். "அரண்மனைச் சாமான் சார்"னு முடிச்சிருப்பான். பர்மாவுல கொண்டுவிக்கப் போன செட்டியாருக கப்பல்ல தேக்கக் கொண்டாந்து வீடு கட்டுனாக. 1942-ல சப்பான்காரன் பர்மாவுக்குள்ள நுழைஞ்சான், அங்க போட்ட பணம் போச்சு. வீடு நின்னுச்சு. ஆனா ஒரு வீட்டுல நாப்பது குடும்பத்துக்குப் பங்கு. ஒருத்தரு சிங்கப்பூரு, ஒருத்தரு அமெரிக்கா. ஓடு மாத்த யாரு காசு போடுறது? கடைசியில எல்லாரும் ஒத்துமையாச் செய்யிற ஒரே காரியம், வீட்டப் பிரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுறது. 2014-ல யுனெஸ்கோக்காரக செட்டிநாட்டு ஊருகள உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியல்ல சேத்தாகளாம். பட்டியல்ல இருந்தா மழை ஒழுகாதா என்ன?

வீடு பிரிக்கிறதுன்னா முதல்ல ஓட்ட இறக்கணும், அப்புறம் சட்டம், உத்தரம், தூணு, கடைசியா நிலை. திரும்ப நிறுத்தப் போறதுன்னா ஒவ்வொன்னுக்கும் நம்பர் எழுதுவோம். முட்டுக்காட்டுல தட்சிணசித்ரான்னு ஒரு மியூசியம் 1996-ல தொறந்தாகல்ல, அங்க போயிப் பாரு. பிரிச்ச வீட்டு மரத்த வச்சே செட்டிநாட்டு வீட்ட எழுப்பியிருக்காக. அது மறுபடியும் வீடாச்சு. உன் கூட்டாளி வீட்ல என்னாச்சு? நிலைக்கதவப் படுக்கப் போட்டு, மேல கண்ணாடிய வச்சு, சோறு திங்கிறீக! அந்தக் கதவு இத்தன வருசமா எத்தன பேர வாசல்லயே நிக்க வச்சுருக்கும். இப்ப அது மேல சாம்பார் சொட்டுது.

கோவிச்சுக்காத, வாங்கத்தான் போற, ஒழுங்கா வாங்கு. பெட்டியப் பாத்தா மூடியத் தொறந்து மூஞ்சிய வைக்காத, தலகீழாப் புரட்டு. அடிப்பக்கம் தேஞ்சிருக்கணும். மேல அழுக்கு, அடியில புதுசுன்னா டீத்தண்ணியில குளிச்ச பெட்டி அது. திருகாணியப் பாரு. கூட்டல் குறி போட்ட தலை இருந்துச்சுன்னா சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சிரு. அந்தத் தலை உலகத்துலயே 1930-கள்லதான் வந்துச்சு. நூத்தம்பது வருசப் பெட்டிக்குள்ள எப்பிடிப் போச்சு? அப்புறம் ஒரு தட்டுத் தட்டு. மாவு கணக்கா உதிர்ந்தா உள்ள உளு உசுரோட இருக்கு. ஒன்னோட பெட்டி மட்டும் வீட்டுக்கு வராது, உளுவும் குடும்பத்தோட வரும். பழைய உத்தரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவோம். நாத்தம் தாங்காது, பூச்சியும் தாங்காது.

சிலைன்னு எவனாச்சும் சாக்கப் பிரிச்சா, காது கேக்காதவன் மாதிரி நடந்துரு. 1972-லயே சட்டம் போட்டுருக்கு, நூறு வருசம் தாண்டுன சிலைன்னா பதிவு இருக்கணும். ஹால்ல வச்சா அழகுதான். கேள்வி கேட்டு வீட்டுக்குப் போலீசு வந்தா உக்கார வைக்க ஒன்கிட்ட நாற்காலி வேற இல்ல.

முக்கியமா, லிப்ட அளந்துட்டுப் போ. ஏழடி அலமாரிய வாங்கிட்டு வந்து கீழ வாட்ச்மேன் ரூமுல வச்சிருக்கானே உன் மச்சான், இப்ப அந்த வாட்ச்மேன்தான் அந்தக் கட்டடத்துலயே ஸ்டைலா இருக்காரு.

அது என்ன, பித்தளைத் தவலையா? குடு. ம்ம்ம். கழுத்துல பேரு வெட்டியிருக்கு பாத்தியா? யாரோ ஒரு ஆச்சிக்குச் சீரா வந்தது. இத எவர்சில்வருக்கு மாத்துன அன்னைக்கு, ஒரு கல்யாணமே எடைக்குப் போயிருக்கு. புளி போட்டு விளக்கு, பேரு மட்டும் தேஞ்சிராம. விருந்தாளி கேட்டா "எங்க பாட்டி தவலை"ன்னு அளக்காத. உங்க அப்பத்தா பேரு வேற, எழுத்துக் கூட்டிப் படிச்சிருவாக. நம்ம வீட்டுத் தவலையா? அது... அத நான்தான் கொடுத்தேன். ரெண்டு பிளாஸ்டிக் குடம் வந்துச்சு. ஒன்னு ஓட்டை. விடு.

இந்தா, வந்ததுலேருந்து நீ எங்கிட்டப் பேசல, நான் உக்காந்திருக்கிற ஈஸி சேர்கிட்டத்தான் பேசுற. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பர்மாத் தேக்கு, ஒரு ஆணி கிடையாது. நான் பிரிச்ச வீட்ல கூலிக்குப் பதிலாக் கிடைச்சது. போன வாரம் ஒருத்தன் எட்டாயிரம்னான். உனக்குன்னா ஏழு. நான் எந்திரிச்சுப் போன பெறகு எடுத்துக்க. எங்க போறதுன்னு கேக்காத, அது எப்பன்னு எனக்கே தெரியாது.

முன்பணம் மட்டும் இப்பவே வச்சிரு.