பகல் மூன்று மணி வரை சூரியனை நிறுத்திவைத்தல் தொடர்பாக

இலங்கை மின்சார சபையின் மேலதிகாரிகள் சமூகத்திற்கு,

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரீன் டிரைவுக்கும் இடையே, கடற்காற்றும் பஸ் புகையும் முறை வைத்து உள்ளே வரும் ஒரு தொடர்மாடியின் நான்காம் தட்டில் குடியிருந்துகொண்டு, மாதந்தோறும் வரும் மின் பட்டியலைத் தவணை தவறாமற் செலுத்திவரும் ஒரு சாமானியப் பாவனையாளன் பயபக்தியுடன் எழுதிக்கொள்வது.

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கூரைகளிற் சூரிய மின்தகடு பொருத்தியிருப்போர் யாவரும் பிற்பகல் மூன்று மணி வரை அவற்றை மனமுவந்து நிறுத்திவைக்க வேண்டுமென்று தாங்கள் விடுத்த வேண்டுகோளை வாசித்த நாள் முதலாக, ஒரு சந்தேகம் என்னை வருத்திவருகின்றது. அச்சந்தேகம் என் சொந்தக் கூரையைப் பற்றியதன்று. தொடர்மாடிக்காரனுக்குக் கூரை ஏது? எங்கள் மொட்டைமாடியானது, தண்ணீர்த் தாங்கி ஒழுகும் காலத்தில் ஒருவருக்கும் சொந்தமில்லாததாகவும், யாரேனும் ஒருவர் அங்கே தகடு பொருத்தப் புறப்படும் காலத்தில் அனைவருக்கும் சொந்தமானதாகவும் விளங்கும் அபூர்வமான ஆதனம். என் சந்தேகம் ஊரிலுள்ள ஒரு பஸ் தரிப்பிடத்தைப் பற்றியது.

வெள்ளவத்தையில் வாழும் எம்மவரிற் பலருக்கும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலே கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்கும், ஊர் என்று சொல்லப்படுவது இன்னும் வடக்கேதான் இருக்கின்றது. கோயிற் கொடியேற்றமோ செத்தவீடோ வந்துவிட்டால், காலி வீதியோரத்தில் இரவிலே வந்து நிற்கும் சொகுசு பஸ்ஸிற் பொதிகளோடு ஏறி, புத்தளமும் அநுராதபுரமும் உறக்கத்திலே கழிய, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு, விடிவதற்கு இன்னும் வெகுநேரம் இருக்கையில் ஏ-9 வீதியோரச் சந்தியொன்றிலே இறக்கிவிடப்படுவது எங்கள் வழக்கம். பஸ்ஸின் பின்விளக்கு கண்ணுக்கு மறையும்வரைதான் அவ்விடத்தில் வெளிச்சம்.

அச்சந்தியிலே தரிப்பிடம் ஒன்று உண்டு. கனடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணத்தில், தகப்பனாரின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. சீமெந்து வாங்கு, கொங்கிறீற்றுக் கூரை, அன்னாரின் பெயரும் பிறப்பும் இறப்பும் பொறித்த கருங்கற் பலகை ஆகிய யாவும் குறைவின்றி அமைந்துள்ளன. ஊரின் பெயர் மாத்திரம் எங்கும் காணப்படவில்லை, அது ஊராருக்குத் தெரியுந்தானே என்று விட்டிருக்கலாம். விளக்குக் கிடையாது. 2022 மார்ச்சின் இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்துண்டிப்பு நிலவிய காலத்தில், வீதி விளக்குகளையும் அணைத்துவைக்க வேண்டுமென்று அரசாங்கம் தீர்மானித்தபோது, எங்கள் தரிப்பிடம் அத்தீர்மானத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே விசுவாசமாக நிறைவேற்றிக்கொண்டிருந்தது என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக அதிகாலையில் அங்கே நிற்கும் பெண்பிள்ளைகளும், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை கிளினிக்கில் இலக்கம் எடுப்பதற்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய முதியவர்களும், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை அசைத்துக் காட்டினாலன்றிச் சாரதிக்குத் தாம் இருப்பது தெரியாது. காட்டினாலும் மின்மினி என்று எண்ணிக் கடந்துபோகும் ரசனை மிக்க சாரதிகளும் உளர்.

இக்குறைக்குப் பரிகாரமாக, தரிப்பிடத்தின் கூரைமேல் நூறு வாட் அளவில் ஒரு சூரியத் தகட்டைப் பொருத்தலாம் என்பது ஊர் இளைஞர்களின் அபிப்பிராயம். கணக்கு மிகச் சாதாரணமானது. எங்கள் வெயிலில் அத்தகைய தகடொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய நானூறு வாட்-மணி மின்சாரம் தரும். பத்து வாட் எல்.ஈ.டி. விளக்கொன்று அந்தியிலிருந்து விடியும்வரை பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் நூற்றிருபதுதான் செலவு. மிகுதியிலே மழைக்கால மூட்டத்துக்குச் சேமித்துக்கொண்டு, நாலு பேரின் தொலைபேசிக்குச் சார்ஜும் ஏற்றலாம். தகட்டைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகையளவு சரித்துவைத்தால், காகங்கள் இடும் காணிக்கையை மழையே கழுவிவிடும். பழைய ஈய மின்கலத்தை விட்டு லிதியம் இரும்புப் பொஸ்பேற்று மின்கலத்தை வாங்கினால் அது நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதை இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டவேண்டும், ஏனெனில் எங்கள் பகுதித் திருடர்களும் நல்ல மின்கலம் எது என்பதை அறிந்திருக்கிறார்கள். இவை யாவற்றிலும் தங்கள் சபையின் கம்பி ஓர் அங்குலமும் சம்பந்தப்படவில்லை, மீற்றர் இல்லை, ஓர் அலகுக்கு இத்தனை ரூபாய் தரவேண்டும் என்ற கேள்வியும் இல்லை.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். இத்தகட்டையும் விடுமுறை நாட்களில் மூன்று மணி வரை நிறுத்திவைக்க வேண்டுமா? வேண்டுமென்றால், நிறுத்துபவர் யார்? கிராமந்தோறும் காலையில் ஏணியுடன் சென்று, தகட்டின்மேல் ஒரு சாக்கைப் போர்த்தி, மூன்று மணிக்குத் திரும்பவும் ஏறி அதை நீக்கி, கூரைமேலேயே கையொப்பமிட்டு இறங்கும் 'சூரிய நிறுத்தற் பரிசோதகர்' என்றொரு பதவியைத் தாங்கள் சிருஷ்டிப்பீர்களாயின், ஓய்வூதியத்துடன் கூடிய அப்பதவிக்கு எங்கள் ஊரிலே மாத்திரம் பட்டதாரிகள் பலர் காத்திருக்கின்றனர்.

பரிகாசம் செய்வதாகத் தாங்கள் கருதலாகாது. தங்கள் பொறியியலாளர்கள் கூறும் நியாயத்தை நான் அறிவேன். பெரிய மின்நிலையங்களிற் சுழலும் பாரமான இயந்திரங்கள்தாம், எங்கேனும் ஓர் அதிர்ச்சி நேரும்போது மின்வலையின் ஐம்பது ஹேர்ட்ஸ் கதியைத் தம் சுழற்சி வேகத்தாலே தாங்கிப் பிடிக்கின்றன. கூரைத் தகட்டிலே சுழல்வது ஒன்றுமில்லை. ஆபீசும் ஆலையும் மூடிக்கிடக்கும் ஒரு விடுமுறை நண்பகலில், தேவை தாழ்ந்து வெயில் ஓங்கும்போது, சுழலும் இயந்திரங்களுக்கு வேலை குறைந்துபோக, வலை பலவீனப்பட்டு நிற்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு பிரவேசித்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி அறிவித்தபோது உலகப் பத்திரிகைகள் நகைத்தன. குரங்கு ஒரு நிமித்தம் மாத்திரமே. அது தொட்ட வலை அந்த நேரத்தில் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதே விஷயம் என்று தங்கள் தரப்பிலும் பின்னர் விளக்கப்பட்டது. அவ்விளக்கம் நியாயமானதே.

ஆயினும், இவ்வெயில் தங்களிடம் முன்னறிவித்தலின்றி வந்ததன்று. 2016ஆம் ஆண்டில் 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில், அதாவது சூரிய சக்திக்கான போர் என்ற முழக்கத்தோடு, கூரைக்குக் கூரை தகடு பொருத்துங்கள், 2025க்குள் ஆயிரம் மெகாவாட் சேர்ப்போம் என்று குடிமக்களை அறைகூவி அழைத்தது இதே அரசாங்க இயந்திரந்தான். குடிமக்கள், வழக்கத்துக்கு மாறாக, சொன்னபடி செய்துவிட்டார்கள். இந்நாட்டிலே குறித்த ஆண்டுக்குள் குறித்த இலக்கை எட்டிய திட்டங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றான இதற்கு இலக்காகக் குறித்த அந்த ஆண்டிலேயே, வென்ற சேனையைப் பார்த்து மூன்று மணி வரை பாசறைக்குள் இருக்குமாறு கட்டளை பிறந்தது. ஆயிரம் மெகாவாட் வந்து சேர்ந்தால் அதை எங்கே வைப்பது என்ற சிந்தனை அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

வைப்பதற்கு வேண்டியது மின்கலம். தங்கள் கட்டணப் பட்டியலின்படி மாலை 6.30 முதல் 10.30 வரையுள்ள நேரமே உச்ச நேரம். அப்பொழுது சூரியன் இல்லை, நுரைச்சோலையில் நிலக்கரியும் பிற இடங்களில் எண்ணெயும் எரிகின்றன. நண்பகலில் மின்சாரம் மிகுந்து தவிக்கிறீர்கள், இரவிலே போதாமல் தவிக்கிறீர்கள். எங்கள் தரிப்பிடத்துக் கூரையோ, நண்பகல் வெயிலைத் தானே விழுங்கி, ஒருவருக்கும் தொந்தரவின்றிப் பெட்டிக்குள் வைத்திருந்து, தங்களுடைய உச்ச நேரம் முழுவதும் தங்களிடம் ஒரு வாட்டும் கேளாமல் விளக்கை எரிக்கும். ஒரு கொட்டகை செய்யக்கூடியதை ஒரு சபை ஏன் செய்யலாகாது என்று ஊர் வாசிகசாலையிலே சிலர் கேட்டபோது, நான் தங்கள் பக்கம் நின்று, கொட்டகைக்குப் பணிப்பாளர் சபை கிடையாது என்பதை எடுத்துச் சொன்னேன்.

தகடும் மின்கலமும் கூடி வாழ்வது இந்நாட்டுக்குப் புதிதுமன்று. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகிய மூன்று தீவுகளுக்காகத் தாங்களே வரைந்த திட்டத்தில், 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியன், 2,400 கிலோவாட்-மணி மின்கலம் ஆகிய யாவும் இடம்பெற்றன. 2021 ஜனவரியில் அது சீனக் கம்பனியொன்றுக்கு வழங்கப்பட்டது. இராமேசுவரத்திலிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்திலே சீனத்துத் தகடா என்று இந்தியா முகம் சுளித்தது. அவ்வாண்டின் இறுதியிலே சீனா விலகிக்கொண்டது. 2024 மார்ச்சில், ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர் இந்திய நன்கொடையோடு புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நெடுந்தீவுக் கட்டைக் குதிரைகள் மேயும் வெளியில் விழும் வெயில் எந்த வல்லரசுக்குரியது என்பதைத் தீர்மானிக்க மூன்றாண்டுகள் பிடித்தன. எங்கள் தரிப்பிடத்து நூறு வாட்டுக்கு அத்தகைய சர்வதேச முக்கியத்துவம் ஏற்பட மாட்டாது என்று நம்புகிறேன். இருப்பினும் தகட்டின் பின்புறத்தில் எந்த நாட்டு முத்திரை இருக்கலாம் என்பதையும் தெரிவித்தருளினால் உபகாரமாக இருக்கும்.

இவ்விண்ணப்பத்தைத் தங்களுக்கு அனுப்புவதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தரிப்பிடம் வீதிக்குரியது என்று ஒரு காரியாலயத்திலும், பிரயாணிகளுக்குரியது என்று இன்னொன்றிலும், கட்டியவர்களுக்குரியது என்று வேறொன்றிலும் கூறினார்கள். விளக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் மூவரும் ஒருமித்துத் தங்கள் திசையைக் காட்டினார்கள். அவசரம் ஒன்றுமில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று கட்டுரை வாசித்தது 1918இல்; லக்சபான மின்சாரம் வந்தது 1950இல். அவ்வளவு காலம் பொறுக்க இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள், கிளினிக்குக்குப் போகும் முதியவர்கள்தாம் சற்று அவசரப்படுகிறார்கள்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம், தங்கள் சபையின் பணிகளைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு வழி செய்திருப்பதால், இதனுடன் இரண்டு பிரதிகளை இணைத்துள்ளேன். நண்பகல் வெயிலுக்குப் பொறுப்பான கம்பனியிடம் ஒன்றும், இரவின் இருட்டுக்குப் பொறுப்பான கம்பனியிடம் மற்றொன்றும் சேர்ப்பித்தருளவும். பதிலை என் வெள்ளவத்தை முகவரிக்கு மின் பட்டியலோடு சேர்த்தே அனுப்பலாம். பட்டியல் ஒருபோதும் வழி தவறியதில்லை.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள பாவனையாளன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.