நிறுத்தச் சொல்ல ஆளில்லை

எங்கள் சொந்தபந்தத்தில் இப்போது கேட்கிறவர்களைவிடப் பேசுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பங்குச் சந்தையைப் பற்றி வாராவாரம் பேச ஆரம்பித்தார். (தான் வாங்கிப்போட்ட பங்குகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதை அக்கா பேசிக்கொள்கிறாள்.) சித்தி மகள் குழந்தை வளர்ப்புப் பற்றிப் பேசுகிறாள், அவள் குழந்தை பின்னாலிருந்து அதையெல்லாம் மறுத்து அழுதுகொண்டிருக்கும். அக்கா மகன் திகில் கதை சொல்கிறான். எல்லாம் பாட்காஸ்ட்.

"அப்படின்னா என்னடா?" என்று அக்கா மகனிடம் கேட்டேன்.

"ரேடியோ மாதிரிதான் மாமா. ஆனா ஸ்டேஷன் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, இத்தனை மணிக்குத்தான்னு நேரம் கிடையாது, மேலதிகாரி கிடையாது."

"கேக்கிறவங்க?"

"இப்போதைக்கு அதுவும் கிடையாது."

விஷயம் பெரிய மந்திரமில்லை. பேசியதை ஒலிக்கோப்பாக்கி இணையத்தில் ஒரு சர்வரில் ஏற்றிவிடுகிறார்கள். கூடவே ஆர்.எஸ்.எஸ். என்று ஒரு பட்டியல்: தலைப்பு, தேதி, கோப்பு கிடைக்கும் முகவரி. நம் போனில் இருக்கிற செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது சேர்ந்திருந்தால் எடுத்துவந்து கொடுக்கிறது. இந்தப் பட்டியலோடு ஒலியையும் சேர்த்து அனுப்பலாம் என்று 2000ஆம் ஆண்டுவாக்கில் ஏற்பாடு செய்தவர் டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருள்காரர். அதைப் பிடித்துக்கொண்டு 2004இல் தினமும் பேச உட்கார்ந்தவர் ஆடம் கரி, எம்டிவியில் பாட்டு அறிவித்துக்கொண்டிருந்தவர். 2005இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்தது. அன்றைக்குத் திறந்த வாயை உலகம் இன்னும் மூடவில்லை.

ரேடியோ அப்படி நினைத்த மாத்திரத்தில் பேசிவிடக்கூடிய சமாசாரம் இல்லை. ஒரே அலைவரிசையில் ஒரே ஊரில் இரண்டு பேர் பேசினால் இரண்டு பேர் பேச்சும் கேட்காது. கல்யாண வீட்டுப் பந்திபோல் ஆகிவிடும். அதனால் யார் எந்த அலைவரிசையில் பேசுவது என்று அரசாங்கம் பங்கு பிரித்துக் கொடுத்தது, பெரும்பங்கைத் தானே வைத்துக்கொண்டது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்ன பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. தனியார் எஃப்.எம். வர 2001 ஆயிற்று. வந்தபோதும் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, பாட்டுப் போட்டுக்கொண்டு சும்மா இருங்கள் என்றார்கள். அவர்கள் பாட்டைப் போட்டார்கள். சும்மா இருக்கவில்லை.

பேசுவதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கே ஒரு காலத்தில் லைசென்ஸ் இருந்தது. 1980கள் வரை வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி, ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வர வேண்டும். இதை அக்கா மகனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "கேக்கிறதுக்குக் காசா? நான் காசு குடுத்தாக்கூட யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க மாமா" என்றான்.

ஆனால் சென்னையில் முதலில் வானொலி நடத்தியது அரசாங்கம் இல்லை. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்த ரேடியோ கிளப் அது. ஆர்வக்கோளாறில் சிலர் கூடி, சின்னதாக ஒரு கருவியை வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த சங்கீதத்தையும் பேச்சையும் காற்றில் விட்டார்கள். மூன்றே வருஷத்தில் பணம் தீர்ந்து மூடினார்கள். கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி அதை 1930 முதல் கொஞ்ச காலம் நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. நண்பர்கள், ஆர்வம், சின்னக் கருவி, பணத் தட்டுப்பாடு, மூடுவிழா. இன்றைய பாட்காஸ்டுகளில் பாதியின் வாழ்க்கை வரலாறு இதுதான். செட்டியார் நூறு வருஷம் முந்திப் பிறந்துவிட்டார்.

அரசாங்க வானொலி என்றால் நமக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வரும். நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது, மதங்களைத் தாக்கக் கூடாது, ஆபாசம் கூடாது, அவதூறு கூடாது என்று அங்கே ஒரு நெறிமுறை உண்டு. இத்தனையையும் விட்டுவிட்டு மனிதன் எதைத்தான் பேசுவான் என்று தோன்றும். உரம் பற்றிப் பேசினார்கள். அதில் ஒன்றும் நாம் சிரிக்கும்படி இல்லை. 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைத் திருச்சி வானொலி தஞ்சை வயல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். ஒலிபரப்பைக் கேட்டு ஒரு டெல்டாவே விதையை மாற்றியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பாட்காஸ்டுகளைக் கேட்டு இதுவரை ஒருவர்கூட ஹெட்போனை மாற்றவில்லை.

நான் ஒருமுறை வானொலியில் உரை நிகழ்த்தியிருக்கிறேன். ஒப்பந்தக் கடிதம் வந்தது. எழுதியதை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். பதிவு அன்று, ஒரு கனத்த கதவைத் தள்ளினால் அதற்குள் இன்னொரு கனத்த கதவு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போதே வெளி உலகம் செத்துப்போய்விடும். தாள்களைப் பின் அடிக்கக் கூடாது. படித்து முடித்த தாளைத் திருப்பவும் கூடாது, சரசரப்பு மைக்கில் விழும். மெதுவாகத் தூக்கிப் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சி அமைப்பாளர் அம்மா, தலைக்கு மேலே சிவப்பு விளக்கு, எதிரே விநாடி முள் ஓடும் கடிகாரம். ஒத்திகை பார்த்தபோது கொஞ்சம் நீண்டுவிட்டது. அந்த அம்மா உள்ளே வந்து, என் தாளைப் பார்த்து, மூன்று 'ஆகவே', ஒரு 'என்றால் அது மிகையாகாது' ஆகியவற்றைப் பென்சிலால் அடித்தார். "இப்பப் படிங்க, சரியா இருக்கும்" என்றார். சரியாக இருந்தது. நேரம் மட்டுமல்ல, உரையும்.

அந்தக் கடிகாரத்தின் அருமை எனக்கு அக்கா மகன் வீட்டில்தான் தெரிந்தது.

"நம்ம ஊர்ப் பேய்க்கதை ஒண்ணு சொல்லுங்க மாமா" என்று கூப்பிட்டிருந்தான். அவன் ஸ்டூடியோ என்பது படுக்கையறைத் துணி அலமாரி. கதவைத் திறந்து வைத்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே மைக்கைச் சொருகியிருந்தான். துணி எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். உண்மைதான்; உலகெங்கும் ஏழைப் பாட்காஸ்டர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. மே மாதம். அந்துருண்டை வாசனையில் தலையை உள்ளே நீட்டி, அவன் மனைவியின் முகூர்த்தப் பட்டைப் பார்த்து நான் பேய்க்கதை சொல்ல வேண்டும்.

"எவ்வளவு நேரம்டா பேசணும்?"

"எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க மாமா."

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்துருண்டையும் காரணமாக இருக்கலாம்.

பேசினேன். பேய் வருவதற்கு முன்னால் புளியமரம் வந்தது, புளியமரம் யாருடையது என்பது வந்தது, அந்தக் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கு வந்தது. கடைசியில் பேய் வந்து கதவைத் தட்டிய நேரத்தில் தெருவில் ஒரு வண்டி, "பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய பிளாஸ்டிக்" என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே போனது. அந்தப் பேய்க்கு அப்புறம் மரியாதை திரும்பவில்லை. "எடிட்ல தூக்கிடலாம்" என்றான். தூக்கவில்லை. கேட்டதற்கு, "நேச்சுரலா இருக்கு மாமா" என்றான்.

வெளியான மறுநாள் ஒரு வரைபடத்தைக் காட்டினான். ரேடியோவில் பேசியவருக்கு இந்தத் துன்பம் கிடையாது. யார் கேட்டார், யார் பாதியில் எழுந்து கைகழுவப் போனார் என்று தெரியாமலே நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார். பாட்காஸ்டில் எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் ஓடிப்போனார்கள் என்று கோடு போட்டுக் காட்டுகிறது. என் கோடு படிக்கட்டிலிருந்து உருண்டு விழுந்ததுபோல் இருந்தது. விழுந்த இடம் என் பாகப்பிரிவினை வழக்கு இல்லை என்பது மட்டும் ஆறுதல். அதற்கு வெகு முன்னாலேயே, "வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்று அவன் ஆரம்பித்து, போன வாரம் சளி பிடித்திருந்ததைச் சொல்லி, லைக், ஷேர், ஃபாலோ எல்லாம் கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஊர் காலியாகிவிட்டது.

இந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வருபவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். காலையில் 'இன்று ஒரு தகவல்' வரும். ஒரே குரல். பின்னணி இசை கிடையாது, விருந்தினர் கிடையாது. நேராக விஷயத்துக்கு வந்து, ஒரு கதையைச் சொல்லி, கடைசியில் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து போய்விடுவார். அவர் சொன்ன நகைச்சுவைக்கு அவர் சிரிக்க மாட்டார். பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற நாம் ஒரு கால் செருப்போடு நின்று சிரிப்போம். தமிழில் முதல் பாட்காஸ்டர் அவர்தான் என்பது என் கட்சி. ஒலிபரப்பியது வானொலி என்பதெல்லாம் சின்ன விவரம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பாட்காஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாதவர்களையும் கேட்க வைத்தது 2014இல் வந்த 'சீரியல்'. பால்டிமோரில் 1999இல் நடந்த ஒரு கொலை வழக்கை வாரம் ஒரு பகுதியாகத் தோண்டிக்கொண்டே போனார் சாரா கோனிக். அவர் எங்கிருந்து வந்தவர்? ரேடியோவிலிருந்து. எழுதி, வெட்டி, மறுபடி எழுதிப் பழகிய கை.

அதற்காகப் பழையதுதான் உசத்தி என்று நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிடவில்லை. ரேடியோவில் ஒரு பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாட்டு வருவதற்கு முன் விரும்பிக் கேட்டவர்கள் பட்டியல் வரும். தாத்தா, பாட்டி முதல் போன வாரம் பிறந்த குழந்தை வரை அந்தப் பாட்டை விரும்பிக் கேட்டிருப்பார்கள். நம் பெயர் வரும் அன்று கரண்ட் போகும். போனால் போனதுதான், திரும்பக் கேட்க வழியில்லை. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் கேட்க நாங்கள் முள்ளைத் திருகிய திருகலில் பாதி நேரம் 'கொர்ர்' என்ற சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறோம்.

பாட்காஸ்டில் நினைத்த நேரத்தில் கேட்கலாம், நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். கல்வெட்டு பற்றி ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுகிறார். எந்த வானொலி அவருக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கும்? நான் அதை மூன்று நாள் காலை நடையில் கேட்டு முடித்தேன், ஒரு நிமிஷம் வீணில்லை. நீளம் குற்றமில்லை. சொல்ல விஷயம் இருக்கிறவர் நீளமாகப் பேசலாம். விஷயம் வருகிறதா பார்ப்போம் என்று பேசிக்கொண்டே காத்திருப்பதுதான் குற்றம்.

கேட்கிறவர்களும் சும்மா இல்லை. என் மனைவி எல்லாப் பாட்காஸ்டையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாள். அக்கா வீட்டுக்காரர் அந்த வேகத்தில் பங்குச் சந்தை பற்றிப் பேசினால் ஏலம் போடுவதுபோல் இருக்கிறது. "இப்படிக் கேட்டாத்தான் புரியுது" என்கிறாள். காதிலிருந்து கழற்றியபின் நான் ஏதாவது சொன்னால், எப்போது முடியும் என்பதுபோல் என் வாயையே பார்க்கிறாள். முன்பெல்லாம் கூடத்தில் ஒரு ரேடியோ பாடும், வீடு முழுக்க அதையே கேட்டு அதையே திட்டுவோம். இப்போது ஆளுக்கொரு காது, ஆளுக்கொரு பேச்சு. சண்டை போடக்கூடப் பொதுவான விஷயம் இல்லை.

பாட்காஸ்ட் தொடங்க ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை, தடுத்தாலும் நிற்க மாட்டீர்கள். போன் போதும், ஒரு மைக் இருந்தால் நல்லது, துணி அலமாரி எல்லார் வீட்டிலும் உண்டு. அதோடு இரண்டு காரியம் செய்யுங்கள். சொல்லப்போவதை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதிரே ஒரு கடிகாரத்தை மாட்டிக்கொள்ளுங்கள். எல்லாரும் எப்படி இருக்கிறோம் என்று கேட்க வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறோம். இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வாரம் சொல்லுங்கள், கட்டாயம் வந்து கேட்கிறோம்.