நீல ஓஸ் மாட்டுவது எப்படி?

சம்பளம் வந்த முதல் வாரம் காருக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று கை அரிக்கும். டயர் புதுசு. பேட்டரி போன வருஷம் மாற்றியது. சீட் கவர், ஸ்டீரியோ எல்லாம் ஆயிற்று. பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, தூசி படிந்து, ஒரு புகாரும் சொல்லாமல் இரண்டு கறுப்பு ரப்பர் ஓஸ்கள் கிடக்கின்றன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் நீலச் சிலிக்கோன் ஓஸ் மாட்டும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: காரணம் தயார் செய்யுங்கள்

காரணமில்லாமல் செலவு செய்தால் வீட்டில் கேள்வி வரும். "நம்ம ஊரு வெயிலுக்கு..." என்று ஆரம்பியுங்கள். மே மாதச் சென்னையில் இந்த வாக்கியத்தை யாரும் முடிக்கக்கூட விடமாட்டார்கள், தலையாட்டிவிடுவார்கள். அடுத்து, "சிலிக்கோன் 180 டிகிரி தாங்குமாம்" என்று போடுங்கள். அது உண்மைதான்.

நம் வண்டியில் தண்ணீர் எத்தனை டிகிரிக்குப் போகும் என்று மட்டும் யாரையும் கேட்க விடாதீர்கள். தெர்மோஸ்டாட் 80 சொச்சம் டிகிரியில் திறக்கும். ஓடும்போது கூலன்ட் சுமார் 90 முதல் 105 டிகிரி வரை இருக்கும். கம்பெனி போட்டுக் கொடுத்த இ.பி.டி.எம். ரப்பர் ஓஸ் 125 டிகிரி வரை சாதாரணமாகத் தாங்கும். அதற்கும் மேலே சூடு போனால் ஹெட் கேஸ்கட் போய், அலுமினிய ஹெட்டும் வளைந்திருக்கும். அந்த நேரத்தில் ஓஸ் மட்டும் நீலமாக, முழுசாக இருந்து என்ன பிரயோஜனம் என்று யோசிக்கக் கூடாது.

படி 2: விஞ்ஞானத்தைத் துணைக்கு அழையுங்கள்

1969ல் நிலாவில் இறங்கியவர்கள் போட்டிருந்த பூட்ஸின் அடிப்பாகம் சிலிக்கோன் ரப்பர். இதை எடுத்துவிட்டால் எதிரே இருப்பவர் வாயடைத்துப் போவார். நிலாவுக்குப் போன சரக்கு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போதாதா என்று ஒரு போடு போடுங்கள். ஏற்காடு மலையில் வண்டி ஹீட் ஆகி நிற்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் உண்டு: சுற்றாத ஃபேன், மண்ணும் பூச்சியும் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்துபோன ரேடியேட்டர் கேப், வருஷக்கணக்காக ஊற்றிய போர் தண்ணீரால் உள்ளே படிந்த உப்பு. இவற்றில் எதையும் சிலிக்கோன் ஓஸ் சரிசெய்யாது. சூட்டை வெளியே தள்ளுவது ரேடியேட்டரின் வேலை. ஓஸ் வெறும் வழிப்பாதை. உப்புத் தண்ணீரை நீல ஓஸும் கறுப்பு ஓஸைப் போலவே பாரபட்சமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

படி 3: மெக்கானிக்கைத் தவிருங்கள்

அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போனால் காரியம் கெட்டுவிடும். இன்ஜின் ஆறிய பிறகு ஓஸை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பார். கிளாம்ப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்துவார். அவருக்கு ஒரு விஷயம் தெரியும்: ரப்பர் ஓஸ் பெரும்பாலும் உள்ளே இருந்துதான் கெடும். இன்ஜின், ரேடியேட்டரின் உலோகங்களும் கூலன்ட்டும் ஓஸும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து, உட்சுவரில் நுண்ணிய விரிசல் போடும். வெளியே பார்த்தால் தெரியாது. முனைக்குப் பக்கத்தில் அமுக்கினால் கொழகொழவென்றோ நொறுநொறுவென்றோ இருக்கும்.

அமுக்கிப் பார்த்துவிட்டு அவர், "ஓஸ் நல்லாத்தான் சார் இருக்கு. கேப்பு ஸ்பிரிங்குதான் போயிருச்சு, அதை மாத்திடலாம்" என்பார். கேப் சின்னச் செலவு. நீங்கள் பெரிய செலவுக்கு மனசைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள். "யோசிச்சு சொல்றேன் தம்பி" என்று நகர்ந்துவிடுங்கள்.

படி 4: வாங்குங்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போனால் உங்கள் வண்டிக்கான கம்பெனி ஓஸ் சில நூறு ரூபாயில் கிடைக்கும். அந்தப் பக்கம் போகாமல், சிலிக்கோன் கிட்டுக்கு ஆயிரங்களில் பணம் கட்டுங்கள். நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறங்கள் உண்டு. கறுப்பு சிலிக்கோன் வாங்குபவர் ஞானி. அவருக்கு இந்த வழிகாட்டி தேவையில்லை.

வந்தது அசல் சிலிக்கோன்தானா என்ற சந்தேகம் வரும். அதற்கு ஒரு சோதனை: ஒரு துண்டு வெட்டிக் கொளுத்துங்கள். சிலிக்கோன் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். சாதா ரப்பர் கரும்புகை விட்டுக் கரியாகும். முழு ஓஸையும் கொளுத்திப் பார்த்தால் சந்தேகம் முழுதாகத் தீரும்.

படி 5: மாட்டுங்கள்

ஓஸ் சுலபமாக ஏற வேண்டும் என்று முனையில் இன்ஜின் ஆயில் தடவுங்கள். ஆயில் சிலிக்கோனுக்கும் ஆகாது, இ.பி.டி.எம்.முக்கும் ஆகாது. சோப்புத் தண்ணீரோ கூலன்ட்டோ தொட்டுத் தடவினாலே ஏறிவிடும். அதில் என்ன சுவாரசியம்!

அடுத்து கிளாம்ப். கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளாம்ப், சூட்டில் ஓஸ் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் தானே பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றி எறியுங்கள். பல் வெட்டிய சாதா திருகு கிளாம்ப்பைப் போட்டு, கை வலிக்கும்வரை முறுக்குங்கள். சிலிக்கோன் மென்மையானது, கிளாம்ப்பின் வெட்டுகள் வழியாக இடியாப்பம் மாதிரி பிதுங்கி வெளியே வரும். அப்படியே அறுபடவும் செய்யும். உட்பக்கம் வழவழப்பாக இருக்கும் கிளாம்ப் இதற்கென்றே விற்கிறார்கள். பில்லில் இன்னொரு வரி ஏறுமே என்று அதை விட்டுவிடுங்கள்.

கீழ் ஓஸைக் கழற்றும்போது உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது கீழ் ஓஸ் வழியாகத்தான். அந்த இழுப்பில் ஓஸ் ஒட்டிப்போகக் கூடாது என்றுதான் சில வண்டிகளில் சுருள் வைத்தார்கள். கிட்டில் சுருள் வரவில்லையா? சரி, கிட் செய்தவருக்குத் தெரியாததா!

படி 6: பலனை அனுபவியுங்கள்

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் பச்சைப் பொட்டு ஒன்று தெரியலாம். சூட்டில் இறுக்கமாக இருந்த இணைப்பு, குளிர்ந்ததும் சுருங்கிக் கசிந்திருக்கிறது. திருகை இன்னும் ஒரு சுற்று முறுக்குங்கள். பிறகு இன்னொரு சுற்று. கசிவே இல்லாமல் ரிசர்வ் டப்பாவில் அளவு மெல்ல இறங்கினால் பயப்படாதீர்கள். சிலிக்கோன் வழியே நீராவி ரப்பரைவிடச் சுலபமாக ஊடுருவிப் போகும். முன்பு எட்டிப்பார்க்காத டப்பாவை இனி அடிக்கடி பார்ப்பீர்கள். வண்டியின் மேல் அக்கறை கூடியிருக்கிறது, அது லாபம்தானே.

படி 7: விதிவிலக்குகளைச் சகித்துக்கொள்ளுங்கள்

சிலருக்குச் சிலிக்கோன் ஓஸ் நிஜமாகவே தேவை. நாள் முழுக்க இன்ஜின் அணையாத பஸ்ஸும் லாரியும், எந்த நேரமும் தயாராக நிற்க வேண்டிய தீயணைப்பு வண்டியும் ஓஸை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. உள்விரிசல் விழாத சிலிக்கோனுக்கு அங்கே காசுக்கேற்ற ஆயுசு உண்டு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கும், டர்போவிலிருந்து சூடான காற்று போகும் பைப்புக்கும் அது சரி. பழைய கான்டெஸா கார் வைத்திருப்பவர் அச்சில் வார்த்த அசல் ஓஸைத் தேடி அலைந்து சலித்து, வளைவுத் துண்டு சிலிக்கோன் வாங்கி ஒட்டுப்போட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. இவர்களில் யாரும் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பதைக் கவனிக்கலாம்.

படி 8: கஞ்சர்களுக்கான மாற்று வழி

ஆபீசுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டி என்றால், இன்ஜின் ஆறியபின் மேல் ஓஸையும் கீழ் ஓஸையும் அமுக்கிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அதே கம்பெனி ரப்பர் ஓஸ், அதே ஸ்பிரிங் கிளாம்ப். கூடவே புது கேப், சரியான கூலன்ட், கலக்க டிஸ்டில்டு வாட்டர். சூட்டோடு கேப்பைத் திறக்காதீர்கள். இவ்வளவும் சேர்ந்து நீலக் கிட்டின் விலையைத் தொடாது. பானெட்டைத் திறந்து நண்பர்களிடம் காட்டவும் ஒன்றும் இருக்காது.

படி 9: வண்டியை விற்கும்போது

வாங்க வந்தவர் பானெட்டைத் திறப்பார். நீல ஓஸ் கண்ணில் படும். நீங்கள் நிலாவையும் 180 டிகிரியையும் ஆரம்பிப்பதற்குள் அவர் கேட்பார்: "ஏன் சார், வண்டி ரொம்ப ஹீட் ஆகுமோ?" விலையில் அவர் குறைக்கச் சொல்லும் தொகையை ஓஸ் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.