விளக்கு மாமி

அபிராமபுரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஓர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் ஒரு விளக்கு மாமி இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் கோலம், நிலையில் மாவிலைத் தோரணம், செருப்பு அலமாரியின் மேல் கழுவிக் கவிழ்த்து வைத்த கண்ணாடி பாட்டில்கள். மாமாவைப் பற்றி அவசரப்பட்டு எதுவும் நினைத்துவிட வேண்டாம். அவை ஹார்லிக்ஸ், காபிப் பவுடர், ஜாம், ஆவக்காய் பாட்டில்கள். படியேறி வருகிறவர் யாராக இருந்தாலும் மாமியின் முதல் கேள்வி ஒன்றுதான்.

"ஆத்துல காலி பாட்டில் இருக்கா? மூடி இல்லேன்னாலும் பரவாயில்லே."

கூரியர் பையன், தண்ணீர் கேன் போடுகிறவர், சிலிண்டர்க்காரர் எல்லோரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள்தான். மேல்மாடியில் இருக்கும் ஐடி தம்பதி ரொட்டிக்கு ஜாம் தடவும் வேகம் குறைந்தால் மாமிக்குக் கவலை வந்துவிடும். "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரிப்பார். விசாரிப்பது அவர்களை இல்லை, பாட்டிலை.

இந்த பாட்டில்கள்தான் புகைப்பட விளக்குகளாக மறுபிறவி எடுக்கின்றன. படத்தை ட்ரேசிங் பேப்பரில் அச்சடித்து, பாட்டிலைச் சுற்றி ஒட்டி, உள்ளே சின்ன பேட்டரி விளக்கை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அறையை இருட்டாக்கினால் படத்திலிருப்பவர் தகதகவென்று ஜொலிப்பார். சீமந்தம், பிறந்த நாள், கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று விசேஷம் எதுவானாலும் மாமியின் கையிலிருக்கும் பையில் இதுதான் இருக்கும்.

மாமி ஒரே நாளில் விளக்குக்கு வந்து சேரவில்லை. அவர் வீட்டுப் பரண் ஓர் அகழாய்வுத் தளம். அடி அடுக்கில் வயர் கூடை. அதற்கு மேல் பாசிமணித் தோரணம். அடுத்தது கண்ணாடியில் ராதாகிருஷ்ணர் வரைந்த காலம். அப்புறம் தஞ்சாவூர்ப் படத்துக்கு வாங்கி மிஞ்சிய கற்கள், பட்டு நூல் வளையல், காகிதச் சுருள் ஜிமிக்கி. ஒவ்வொரு கலையும் சொந்தபந்தத்தில் கடைசி ஆள் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் மாமி அடுத்த கலைக்குத் தாவுவார். உறவினர்கள் கொஞ்சம் அடம்பிடித்து வாங்காமல் இருந்திருந்தால் இன்னும் வயர் கூடையிலேயே நின்றிருப்பார்.

மாமா ஏ.ஜி. ஆபீசில் ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தொழிலில் அவர் தலைமைக் கணக்கர், அளவை அதிகாரி, பாட்டில் கழுவுபவர். எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு 25.1 சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டவர் அவர். ஏ4 தாளின் நீளம் 29.7; ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்ட ஒரு சென்டிமீட்டர் விட்டாலும் மிச்சம் இருக்கிறது. அகலம் 21. ஆகவே நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் ஒரு தாளில் இரண்டு பாட்டில். இதைக் கண்டுபிடித்த அன்று மாமாவுக்கு இரண்டாவது டம்ளர் காபி கிடைத்தது.

படத்தை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுக்கக் கூடாது என்பது மாமி பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். பெரும்பாலும் அந்த மை தண்ணீரில் கரையும் ஜாதி. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மேலே பூசியதும், ஒன்றுவிட்ட பெரியப்பாவின் மீசை மெல்ல இறங்கி அங்கவஸ்திரத்தில் கலந்துவிட்டது. மாமி கலங்கவில்லை. "கடைசிக் காலத்துல அவர் மீசையை எடுத்துட்டாரோன்னோ!" என்று அதையும் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு லஸ் பக்கம் லேசர் ஜெராக்ஸ்தான். லேசர் மெஷினில் திரவ மையே கிடையாது. பிளாஸ்டிக் கலந்த பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் பதிக்கிறது. தண்ணீர் பட்டால் மீசை அசையாது. ஆனால் மாமி தெருமுனையில் திரும்பும்போதே ஜெராக்ஸ் பையனுக்கு வேறு வேலை வந்துவிடும். காரணம் உண்டு. ட்ரேசிங் பேப்பருக்குப் பதில் விலை மலிவு என்று சமையலறை பட்டர் பேப்பரை ஒருமுறை கொடுத்தார். சூட்டில் அது சுருண்டு உருளைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. கடைக்காரர் மெஷினைத் திறந்து சின்னத் தாத்தாவைத் துண்டுதுண்டாக வெளியே எடுத்தார். "முகம் மட்டும் முழுசா வருமா பாருப்பா" என்று மாமி பக்கத்தில் நின்று ஆலோசனை சொன்னார்.

விளக்கிலும் நுணுக்கம் இருக்கிறது. பளீர் வெள்ளை எல்இடி வைத்தால் படத்திலிருப்பவர் ஐசியூவிலிருந்து பார்ப்பது போலத் தெரியும். மஞ்சள் கலந்த வாம் ஒயிட் வைத்தால் முகத்தில் ரத்த ஓட்டம் வரும். அதுவும் படத்துக்கு நேர் பின்னால் ஒற்றைப் புள்ளியாக நின்றுவிட்டால் ஆபத்து. சரியாக மூக்கில் போய் ஜொலிக்கும். பாட்டிக்கு அது வைர மூக்குத்தியாக அமைந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். தாத்தாவுக்கும் அதே இடத்தில் அமைந்தபோதுதான், உள்பக்கம் இன்னொரு பட்டர் பேப்பர் சுற்றி வெளிச்சத்தைப் பரப்ப வேண்டும் என்று மாமா தீர்ப்பு வழங்கினார்.

மெழுகுவத்தி வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் மாமாவிடம் பதில் உண்டு. மூடி போட்டால் காற்றில்லாமல் அணையும். போடாவிட்டால் கண்ணாடி சூடேறி விரியலாம், பேப்பர் பற்றலாம். அதனால் பட்டன் பேட்டரியில் எரியும் விளக்குத்தான். சிந்தாதிரிப்பேட்டை வரை பறக்கும் ரயிலில் போய், ரிச்சி தெருவுக்கு நடந்து, மொத்தமாக வாங்கி வருவார்கள். பேட்டரியின் முதுகில் சிஆர்2032 என்று போட்டிருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மாமியோ பரிசு கொடுக்கும்போது எல்லோரிடமும், "2032 வரைக்கும் எரியும், தேதி போட்டிருக்கான் பாருங்கோ" என்று உத்தரவாதம் தருகிறார். மாமா திருத்துவதில்லை. கல்யாணமாகி நாற்பது வருடம் ஆன கணக்கர் எந்த எண்ணைத் திருத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

அடுத்த பிரச்சினை, படத்துக்கு எங்கே போவது? கேட்டு வாங்கினால் பரிசின் ரகசியம் போய்விடும். ஆகவே வாட்ஸ்அப் டிபியை எடுத்துக்கொள்வார். அபிராமபுரத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் முகத்தை டிபியில் வைப்பதில்லை. ஒருவருக்குக் காஞ்சிப் பெரியவர், ஒருவருக்குக் கற்பகாம்பாள், மூன்றாமவருக்கு நியூஜெர்சிப் பேரன். சாமி படம் வந்துவிட்டால் அந்த விளக்கை டீபாயில் வைக்க முடியாது, தரையில் வைக்க முடியாது, தீட்டு நாளில் தொட முடியாது. பிறந்த நாள் பரிசு வாங்கியவர் புதிதாக ஒரு பூஜையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறார்.

முகமே கிடைத்தாலும் சிக்கல் தீராது. நம் வீடுகளில் ஒருவர் படத்தருகே விளக்கெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சந்தன மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் சேர்ந்து சொல்லும் அந்த அர்த்தம் மூன்று தலைமுறையாக ஊறிப்போனது. மந்தைவெளியில் ஒரு வீட்டு வரவேற்பறையில் மாமி கொடுத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் இருந்தவரோ குளித்துக்கொண்டிருந்தார். வந்த விருந்தாளி விளக்கைப் பார்த்தார், செருப்பை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கழற்றினார், குரலைத் தாழ்த்தி, "எப்போ? எங்களுக்குத் தகவலே வரலையே" என்றார். குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவரைக் கண்டதும் அவருக்கு வந்த படபடப்பு அடங்க இரண்டு சொம்பு மோர் தேவைப்பட்டது.

வெளிநாட்டில் இந்தச் சங்கடம் இல்லை போலும். மெல்லியதும் தடித்ததுமாக வார்த்த பீங்கான் தகட்டுக்குப் பின்னால் விளக்கை வைத்து உருவம் காட்டும் முறைக்கு 1827இல் பிரான்சில் பால் த பூர்க்வான் என்ற பிரபு காப்புரிமை வாங்கினார். இன்று அதையே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். மாமா இதையெல்லாம் படித்துச் சொன்னபோது மாமி கேட்டது, "அந்தப் பிரபு ஆத்துல யாரும் 'எப்போ'ன்னு கேக்கலையாமா?"

மாமியின் வாழ்நாள் சாதனை ஒரு சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சராசரியாக 29.53 நாள், ஆயிரத்துக்கு 29,530 நாள், அதாவது எண்பது வயதும் பத்து மாதமும். பந்தி மேஜைகளை அலங்கரிக்க, பிறைக்கு ஒன்றாக ஆயிரம் விளக்கு என்றுதான் மாமி ஆரம்பித்தார். மாமா ஆட்சேபக் குறிப்பு எழுதி, வயதுக்கு ஒன்றாக எண்பது என்று குறைத்தார். ஆனால் அந்தப் பெரியவரின் முதல் பதினெட்டு வயதுக்குக் கிடைத்தது ஒரே படம், பூணூலின்போது ஸ்டூடியோவில் எடுத்தது. ஆகவே பதினெட்டு மேஜைகளில் அவர் குடுமியும் பலாச தண்டமுமாக ஒரே முறைப்பு முறைத்தார்.

மேஜை அலங்காரம் என்பது எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடும் ஊர்களில் பிறந்த விஷயம். நம் பந்தியில் எதிரே மனிதர் கிடையாது. எதிரே ஓடுவது சாம்பார் வாளி. முன்னால் இலை, அதற்கு மேல் தண்ணீர் பாட்டில், பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர். இதில் விளக்குக்கு ஏது இடம்? கோசுமல்லி வைக்க வந்தவர் விளக்கை இடப்பக்கம் தள்ளினார். அப்பளக்காரர் வலப்பக்கம் தள்ளினார். ரசம் வந்தபோது இருபத்தேழு வயதுப் பெரியவர் சரிந்து வத்தக்குழம்பில் சாய்ந்தார். பால் பாயசத்துக்குள் மண்டபத்திலிருந்த எண்பது விளக்கும் பந்தியின் கோடியில் ஒரே மேஜையில் ஒதுங்கி நின்றன. விழா நாயகர் கைகழுவ அந்தப் பக்கம் வந்தார். எண்பது தானும் எரிவதைச் சற்று நேரம் பார்த்தார். "எல்லாம் ஆச்சு, மாலைதான் பாக்கி" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலம் போடப் போனார்.

மாமியின் கணக்கில் ஒரு விளக்கு 40 ரூபாய். பாட்டில் இலவசம், அச்சு, பேட்டரி விளக்கு, கொஞ்சம் ஃபெவிகால், சணல் கயிறு. போக்குவரத்துச் செலவைச் சேர்ப்பதில்லை. 2021இலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, மாமாவுக்கு மூத்த குடிமக்கள் டோக்கன் இருக்கிறது. மாமாவின் நோட்டில் கணக்கு வேறு. பாட்டில் போதாமல், வீட்டில் யாரும் குடிக்காத இன்ஸ்டன்ட் காபியைப் பெரிய பாட்டிலாக ஆறு வாங்கியது, அந்தப் பவுடரை வேலைக்கார அம்மாவுக்குக் கொடுத்தது, அவருக்குத் தூக்கம் கெட்டு லீவு போட்டது, பாட்டில் உடையக் கூடாதென்று திரும்பும்போது ஆட்டோ வைத்தது எல்லாம் சேர்த்தால் ஒன்று 210 ரூபாய் வருகிறது. இந்தப் பக்கத்தை அவர் மாமியிடம் காட்டியதில்லை.

ஆனால் மாமியைச் சாதாரணமாக எடை போட்டுவிடக் கூடாது. சென்னையில் பரிசுப் பொருள் எதுவும் ஓரிடத்தில் தங்காது என்பது அவருக்குத் தெரியும். இந்த நவராத்திரியில் அபிராமபுரத்தில் புறப்படும் ரவிக்கைத் துணி மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, மாம்பலம் என்று சுற்றி அடுத்த நவராத்திரிக்குப் புறப்பட்ட வீட்டுக்கே வந்துவிடும். பிளாஸ்டிக் டப்பா, குங்குமச் சிமிழ், சுவர்க்கடிகாரம் எதற்கும் நிரந்தர முகவரி கிடையாது. முன்காலத்தில் இதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள்: எவர்சில்வர் பாத்திரத்தில் கொடுப்பவர் பெயரையும் தேதியையும் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார்கள். பெயர் வெட்டிய குடத்தை யாருக்குத் தள்ளிவிட முடியும்? பெயரையாவது புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்க வைக்கலாம். முகத்தை என்ன செய்வது? உங்கள் மாமனார் சிரிக்கும் விளக்கை இன்னொருவர் வீட்டுச் சீமந்தத்துக்குக் கொடுக்க முடியுமா? குப்பையில் போடக் கை வருமா? மாமி கொடுத்தால் கொடுத்ததுதான். நகரின் பரிசுச் சுழற்சியையே நிறுத்திய ஒரே பெண்மணி அவர். அவர் விளக்குகள் எல்லா வீட்டு ஷோகேஸிலும், விருந்தாளி வரும் நாளில் முன்வரிசையிலும் மற்ற நாளில் பின்வரிசையிலும் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன.

அப்படித்தான் மாமியும் நினைத்திருந்தார். போன மாதம் மூன்றாவது தெரு மாமி வடுமாங்காய் கொடுத்தனுப்பினார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் மாமா பெர்மனன்ட் மார்க்கரில் எழுதிய சரக்கு எண். ஃபெவிகால் வெந்நீரில் ஊறினால் இளகும் என்பது அந்தத் தெருவுக்கும் தெரிந்துபோயிருக்கிறது. மாமனார் ஒரு ராத்திரி வாளியில் ஊறி, காலையில் கழன்று, உலர்ந்து, ஆல்பத்துக்குப் போய்விட்டார்.

மாமி கோபப்படவில்லை. ஒரு வடுவை எடுத்துக் கடித்துப் பார்த்தார், உப்பு சரியாக இருக்கிறது என்றார். பிறகு சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏன்னா, மந்தைவெளி பெயின்ட் கடைக்குப் போயிட்டு வாங்கோ. அடுத்த லாட்டுக்கு மேலே ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சுடலாம்."