வரிசையா எழுதிக்கோ தாயி

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது கிராமத் தங்கல் பயிற்சிக்காக எங்களைப் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் அனுப்பினார்கள். வரவேற்க வந்தவர் ஒரு சம்சாரி. முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. எங்கள் ஷூக்களைப் பார்த்தார். "கழத்திக் கையில வச்சுக்கோங்கய்யா. நம்ம கரிசல் வாங்கிக்கிட்டா லேசுல திருப்பிக் குடுக்காது" என்றார். அறிமுகக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

அடுத்து எங்கள் முறை. 1901 முதல் மானாவாரியை ஆராய்ந்துவரும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரையை ஒப்பித்தோம்: பருவமழைக்கு முன்பே விதைத்துவிட வேண்டும். பொறுமையாகக் கேட்டவர், "எங்க தாத்தாவும் புழுதியிலதான் வெதைச்சாரு. மழை ஏமாத்திட்டா வெதைக்காசு யாரு தருவா?" என்றார். அது பாடத்தில் இல்லாததால் குறிப்பேட்டிலும் ஏறவில்லை.

இப்போது வரவேற்பவர்கள் வரிசையில் நானும் நிற்கிறேன். 2015-இல் பயிற்சி 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற தேசியத் திட்டத்துக்குள் வந்துவிட்டது; பெயரிலேயே பிள்ளைகள் தயார். முதல் நிகழ்ச்சி கட்டபொம்மன் கோட்டை முன் செல்ஃபி. அசல் கோட்டையை 1801-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள், இது 1974-இல் எழுப்பிய நினைவுக்கோட்டை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் படம் ஸ்டேட்டஸில் ஏறியிருக்கும். பிறகு ஃபிளெக்ஸ் பேனர், பொன்னாடை, திரையில் என் அறிமுகவுரை. வருகைப் பதிவு, தினசரிப் புகைப்படம், அறிக்கையின் அட்டை நிறம் எல்லாம் விளக்கமாகச் சொல்வேன். விதைப்பு கடைசி ஸ்லைடில் இருக்கிறது. அதற்குள் டீ வந்துவிடும்.

பிள்ளைகளைவிட ஊர்தான் நன்றாகத் தேறியிருக்கிறது. மந்தையில் கலர் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடக் குனிந்த மாணவியிடம் ஒரு பாட்டி, "கம்மாய மேற்க போடு தாயி. போன வருசப் பிள்ளைக கெழக்க போட்டுட்டுப் போயிட்டாக" என்று திருத்தினாள். கம்பும் பருத்தியும் நின்ற புஞ்சையில் மக்காச்சோளம் பரவி, 2018-இல் அதற்குப் படைப்புழுவும் வந்து சேர்ந்த கதை பாட்டிக்கு மனப்பாடம். படிவத்தில் 'முக்கியப் பிரச்சினைகள்' வருவதற்கு முன்பே, "படைப்புழு, காட்டுப்பன்னி, வெலை. வரிசையா எழுதிக்கோ" என்றாள்.

எழுதிய மாணவி பேனாவை நிறுத்தினாள். "போன வருசமும் இதத்தானே சொல்லியிருப்பீங்க? அதுக்கு என்ன ஆச்சு பாட்டி?"

"நல்ல மார்க்கு வந்துச்சாம். போன் பண்ணிச் சொன்னாக தாயி."